மலர்க்கிழங்கும் மரப்பெட்டியும்: பூச்சித் தடைக்காப்பு பற்றிய ஓர் ஆய்வு

அந்நிய தேசத்துப் பொருளை வரவேற்கும்போது அதனுள் ஒளிந்து வரும் அந்நிய தேசத்துப் பூச்சியை மட்டும் வாசலிலேயே தடுத்து நிறுத்துவது எவ்வாறு என்னும் பிரச்சினை, நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய காலந்தொட்டு வேளாண்மை அறிஞரையும் அரசாங்கத்தாரையும் ஒருங்கே வருத்தி வருகிறது. பாய்மரக் கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்காகக் கிடந்து வந்த செடியும் கிழங்கும் பெரும்பாலும் வழியிலேயே வாடின. அவற்றைத் தின்று வாழும் ஜீவராசிகளும் அவற்றோடு மாண்டன. பிரயாண நாட்கள் குறையக் குறையச் செடி பிழைத்தது. செடியின் பகையும் பிழைத்தது. இன்று நெதர்லாந்தின் குளிரறையிலிருந்து எடுக்கப்பட்ட லிலியம் கிழங்கு, உறக்கம் கலையாமலே கடலைக் கடந்து வந்து, நீலகிரியிலும் ஓசூரிலும் உள்ள பசுமைக்குடில்களில் முளை விடுகிறது. ஸ்ரீநகரில் 2007-இல் திறக்கப்பட்ட டியூலிப் தோட்டத்துக்கும் கிழங்குகள் அந்நாட்டிலிருந்தே வருகின்றன. கிழங்கை உறங்க வைக்கும் அதே குளிர் அதனுள்ளிருக்கும் புழுவையும் உறங்க வைக்கக்கூடும் என்பதே தடைக்காப்புச் சாஸ்திரத்தின் முதற்கவலை.

இக்கவலையை ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டை வட்டாரத்தோடு சேர்த்து ஆராய்வது முதற்பார்வைக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். இராமாநுஜர் அவதரித்த தலம் என்று நெடுங்காலம் அறியப்பட்ட அப்பகுதியில், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உருவாகி வருகின்றன. கண்ணாடி, டயர், மோட்டார் சைக்கிள், கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி என்று பிற தொழில்களும் பெருகியுள்ளன. மலர்க்கிழங்கை இறக்குமதி செய்து பயிரிடும் பூமி அதுவன்று. ஆயினும், கிழங்கைப் பரிசோதிக்கும் சட்டமும் இயந்திர உறுப்புகளைத் தாங்கி வரும் மரப்பெட்டியைப் பரிசோதிக்கும் சட்டமும் ஒன்றே. இரண்டையும் சென்னையில் மேற்பார்வை செய்யும் மத்திய அரசின் நிலையமும் மீனம்பாக்கத்தில் உள்ள ஒன்றேதான். மேலும், பூச்சியைக் கொல்லும் சிகிச்சை எங்கே எளிது, எங்கே அரிது என்பதை விளக்குவதற்கு உயிருள்ள கிழங்கையும் உயிரற்ற பலகையையும்விடச் சிறந்த இரு துருவங்கள் கிடைப்பதரிது. அவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, சிகிச்சையின் வலிமை எவ்வளவு, வரம்பு யாது, அது நடைபெற வேண்டிய இடம் எது என்று நிர்ணயிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற காலத்தின் படிப்பினைகள்

அந்நியப் பூச்சி நம் நாட்டுக்கு எப்போதும் களவாகவே வந்ததென்று சொல்வதற்கில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்த்து லாபம் காணலாம் என்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனியார், சென்னையில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனின் ஊக்கத்தால் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே அமைத்தனர். வேண்டி அழைத்த விருந்தினரின் கதை அது. அழைக்காமல் வந்தவற்றின் கதை நீலகிரியில் தொடங்குகிறது. 1889-இல் குன்னூரில் ஆப்பிள் மரங்களின்மேல் காணப்பட்ட கம்பளி அசுவினி, ஐரோப்பியத் தோட்டக்காரர் தருவித்த ஒட்டுச்செடிகளோடு வந்ததாகக் கருதப்படுகிறது. 1906-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியிலிருந்து பம்பாய்க்கு வந்த விதை உருளைக்கிழங்கோடு கிழங்கு அந்துப்பூச்சி நாட்டினுள் நுழைந்தது. பூமிக்கு அடியில் வளரும் பொருள், தன்னுள் ஒரு புழுவை மறைத்துக்கொண்டு, வெளியே மாசற்ற தோலைக் காட்டி எல்லையைக் கடக்கும் என்பதற்கு இது நமக்குக் கிடைத்த ஆரம்பப் பாடம்.

அதே 1906-இல் அரசாங்கம் எடுத்த நடவடிக்கையும் நினைவுகூரத் தக்கது. அமெரிக்கப் பருத்தியை அழித்து வந்த காய்க்கூன்வண்டு இந்தியாவை எட்டிவிடுமோ என்றஞ்சி, வெளிநாட்டுப் பருத்திப் பொதிகளுக்குப் புகையூட்டம் கட்டாயமாக்கப்பட்டது. நோய் வந்தபின் மருந்து தேடுவதை விட்டு, வருமுன் காக்கும் கொள்கையை இந்நாட்டு அரசு ஏற்றதற்கு இது தொடக்கம் எனலாம். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் நிறைவேறிய நாசகாரப் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டம் அக்கொள்கைக்கு நிரந்தர வடிவம் தந்தது. வெளியிலிருந்து வருவதை அச்சட்டம் தடுக்க, உள்ளே வந்துவிட்டது பரவாமல் தடுக்கச் சென்னை மாகாணம் 1919-இல் தனிச் சட்டம் இயற்றி, மற்ற மாகாணங்களுக்கு முன்னோடியாயிற்று.

சட்டம் இருந்தும் பூச்சிகள் வந்துகொண்டுதான் இருந்தன. 1928-இல் நீலகிரியின் சீகை மரங்களில் வெண்பஞ்சுச் செதில்பூச்சி தோன்றியது; அதை அடக்க ரொடோலியா என்னும் பொறிவண்டு வரவழைக்கப்பட்டது. 1961-இல் உதகையின் உருளைக்கிழங்கு வயல்களில் தங்க நூற்புழு கண்டறியப்பட்டது. அது பூச்சியன்று, ஆயினும் கிழங்கோடும் கிழங்கில் ஒட்டிய மண்ணோடும் பரவும் அதன் இயல்பு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. 1990-இல் கூடலூரில் காப்பிக்காய்த் துளைப்பான் தலைகாட்டியது. 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் தாவியபோது, பட்டுப்புழு வளர்ப்போரும் ஜவ்வரிசித் தொழிலாளரும் ஒருங்கே நஷ்டப்பட்டனர். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பின்னரே நிலைமை சீர்ப்பட்டது. 2020-இல் மரவள்ளிக்கென்றே உரிய வேறொரு மாவுப்பூச்சி கேரளத்தில் தோன்றிச் சேலம், நாமக்கல் வயல்களுக்குப் பரவ, அதன் ஒட்டுண்ணியை ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து பெற நேர்ந்தது.

இந்நீண்ட வரிசையை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பூச்சி குடியேறிய பின் அதை அடியோடு அழித்ததாக இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதிர்ஷ்டமிருந்தால் அதன் இயற்கைப் பகையைத் தேடிக் கொணர்ந்து, இரண்டும் ஒருவாறு சமநிலையில் வாழும்படி செய்ததே மனிதன் கண்ட வெற்றி. ஆகவேதான் எல்லையில் செய்யும் சிகிச்சைக்கு இத்தனை முக்கியத்துவம்.

கிழங்கில் குடியிருப்போர்

மலர்க்கிழங்கு என்று பொதுவாக வழங்குவதில், வெங்காயம்போல் அடுக்கிதழ்களால் ஆன லிலியம், டியூலிப், நார்சிசஸ், ஹையசிந்த் முதலியனவும், கெட்டியான தண்டுக்கிழங்காகிய கிளாடியோலஸும் அடங்கும். நம் சந்தைகளில் மாலைக்குரிய மலராக நிலைபெற்றுவிட்ட சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து என்றோ வந்த கிழங்கின் சந்ததியே. அடுக்கிதழ்க் கிழங்கின் அமைப்பே பூச்சிக்குப் புகலிடம்: ஒவ்வோர் இதழுக்கும் அடுத்ததற்கும் இடையே, கண்ணுக்கும் மருந்துக்கும் எட்டாத ஒரு மடிப்பு உண்டு.

அம்மடிப்புகளில் வாழ்வோரைப் பிரதானமாக மூன்று கூட்டத்தாராகப் பிரிக்கலாம். முதலாவது ஈக்கள். தேனீயின் இனத்தைச் சேர்ந்த பெரிய வண்டொன்றின் தோற்றத்தைக் கொண்ட நார்சிசஸ் ஈ, இலைகள் வாடும் பருவத்தில் கிழங்கின் கழுத்தருகே முட்டையிடுகிறது. பொரிந்த புழு கீழிறங்கிக் கிழங்கின் அடித்தட்டைத் துளைத்து உட்புகுந்து, பூவுக்கு ஆதாரமான நடுக்குருத்தைத் தின்கிறது. பெரும்பாலும் ஒரு கிழங்குக்கு ஒரு புழுவே. ஆனால் அவ்வொன்றே போதும். இதன் சிறிய உறவினரான ஈக்களோ, அழுகத் தொடங்கிய கிழங்கில் கூட்டங்கூட்டமாகக் காணப்படும். இரண்டாவது கூட்டம் இலைப்பேன்கள். கிளாடியோலஸ் இலைப்பேன் வயலில் இலையையும் பூவையும் சுரண்டி நிறத்தைக் கெடுத்து, அறுவடைக்குப் பின் கிழங்கின் உலர்ந்த உறைக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. லில்லிக்கென்றே உரிய இலைப்பேன் இதழ்களின் அடியில் தங்கித் துருப்பிடித்தாற்போன்ற தழும்புகளை உண்டாக்குகிறது. மூன்றாவது அசுவினிகள், டியூலிப் கிழங்கின் தோலுக்கடியில் சேமிப்பறையிலேயே இவை இனம் பெருக்க வல்லவை. அசுவினியால் நேரும் தீங்கு சாறுறிஞ்சுவதோடு தீராது; வைரஸ் நோய்களைச் சுமந்து செல்லும் தூதுவனும் அதுவே. பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தில் பொன்னின் விலைக்கு விற்ற வரிக்கோடிட்ட டியூலிப் மலர்களின் அழகு, அசுவினி பரப்பிய வைரஸின் விளைவே என்பது பின்னாளில்தான் தெரிய வந்தது.

இவற்றோடு, எட்டுக் கால் கொண்டமையால் பூச்சியினத்தில் சேராத கிழங்குச் சிலந்திப்பேனையும், கண்ணுக்குப் புலனாகாத தண்டு நூற்புழுவையும் தடைக்காப்பு அதிகாரி மறப்பதில்லை. சிகிச்சைகளில் புகழ்பெற்றது முதன்முதல் அந்த நூற்புழுவுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் கீழே காண்போம்.

சிகிச்சை முறைகளும் அவற்றின் தத்துவமும்

எந்தச் சிகிச்சையாயினும் அதன் ஆதாரத் தத்துவம் ஒன்றே. பூச்சி தாங்காத ஒரு கடுமையைப் பண்டம் தாங்க வேண்டும். அவ்விரு தாங்குசக்திகளுக்கும் உள்ள இடைவெளியில்தான் சிகிச்சை நடைபெற முடியும். இடைவெளி அகலமாயின் வேலை எளிது. குறுகலாயின் கிழங்கு பிழைத்துப் பூச்சியும் பிழைக்கும், அல்லது பூச்சி சாகக் கிழங்கும் சாகும்.

அக்குறுகிய இடைவெளியை முதன்முதல் துல்லியமாக அளந்தவர், முதல் உலக யுத்தக் காலத்தில் இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் ஆராய்ந்த ராம்ஸ்பாட்டம் என்னும் இளைஞர். நார்சிசஸ் பயிரையே அழித்துவிடும் நிலைக்குக் கொணர்ந்திருந்த நூற்புழுவை ஒழிக்க, கிழங்குகளை 110 பாகை பாரன்ஹீட், அதாவது 43 பாகை சென்டிகிரேடுக்குச் சற்றே மேற்பட்ட உஷ்ணமுள்ள நீரில் 3 முதல் 4 மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் போதும் என்று அவர் நிரூபித்தார். நூற்புழுவைக் கொல்லும் அவ்வுஷ்ணம் ஈயின் புழுவையும் கொல்லும் என்பது உடன் கிடைத்த பயன். ஓரிரு பாகை குறைந்தால் புழு பிழைக்கும். ஓரிரு பாகை மிகுந்தால் உள்ளே உருவாகியிருக்கும் பூவின் கரு வெந்துபோகும். ஆகவே நீரைக் கலக்கிக்கொண்டே இருத்தல், கிழங்கின் நடுப்பகுதி உரிய உஷ்ணத்தை எட்டிய பின்னரே காலத்தைக் கணக்கிடுதல், பூக்கரு முழு உருப்பெற்ற பருவம் அறிந்து செய்தல், முன்னதாகச் சில நாட்கள் வெதுவெதுப்பான அறையில் வைத்துக் கிழங்கைப் பழக்குதல் என்னும் நியமங்கள் அனுபவத்தால் வகுக்கப்பட்டன. நார்சிசஸுக்கு உகந்த இவ்வெந்நீர் லில்லிக்கு அப்படியே உகந்ததன்று. ஒவ்வொரு கிழங்குக்கும் அதனதன் அளவை தனியே காண வேண்டியிருக்கிறது.

அடுத்தது புகையூட்டம். 1886-இல் கலிபோர்னியாவின் எலுமிச்சை இன மரங்களைக் கூடாரத்தால் மூடி ஹைட்ரோசயனிக் வாயுவைச் செலுத்திச் செதில்பூச்சியைக் கொன்ற காக்கிலெட்டின் பரிசோதனையோடு இத்துறை பிறந்தது. 1932-இல் பிரான்சில் லெ கூப்பில் என்பவர் மெத்தில் புரோமைடின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை வெளியிட்டதிலிருந்து தடைக்காப்பில் அவ்வாயுவே தலைமை பெற்றது. பண்டத்தின் உட்புறம் வரை ஊடுருவுவதும், காற்றோட்டம் கொடுத்தால் விரைவில் நீங்குவதும் அதன் சிறப்பு. வாயுவின் செறிவையும் அது தங்கும் காலத்தையும் பெருக்கி வரும் தொகையே சிகிச்சையின் வலிமையை நிர்ணயிக்கிறது. குளிர்ந்த சூழலில் பூச்சியின் மூச்சு மந்தப்படுவதால் அளவைக் கூட்ட வேண்டும். உலர்ந்து உறங்கும் கிழங்கு இவ்வாயுவை ஓரளவு தாங்கும். வேர் முனைகள் எட்டிப்பார்க்கத் தொடங்கிய கிழங்கோ சேதப்படும். துறைமுகத்தில் தாமதித்து, வெயிலில் விழித்துக்கொண்ட கிழங்குக்குப் புகையூட்டுவது இரட்டைத் தண்டனை.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு, தானியக் கிடங்குகளில் பெரும்பயன் தருவதாயினும், பூச்சியைக் கொல்லப் பல நாட்கள் எடுத்துக்கொள்வதால் காலத்தோடு போட்டியிட்டு வரும் கிழங்குக்குப் பொருந்துவது அரிது. கிளாடியோலஸ் கிழங்கைச் சேமிப்பறையில் வைக்கும்போது, நூறு கிழங்குக்கு ஓர் அவுன்ஸ் என்னும் கணக்கில் நாப்தலீன் செதில்களைத் தூவி இலைப்பேனை ஒழித்த வழக்கம் 1930-களில் அமெரிக்காவில் பரவியிருந்தது. கதிரியக்கச் சிகிச்சையோ இங்கே விசித்திரமான தடையைச் சந்திக்கிறது. மராட்டியத்தின் லாசல்காவில் உள்ள நிலையம் வெங்காயத்தைக் கதிருக்கு உட்படுத்துவது அது முளைக்காதிருக்கும் பொருட்டே. முளைப்பதற்கென்றே வாங்கப்பட்ட கிழங்குக்கு அந்த உபகாரம் அபகாரமாகும்.

சிகிச்சை போதுமானதா என்று அளக்கும் அளவுகோல் பற்றியும் ஒரு சொல். 1939-இல் பேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர், பழ ஈக்களை முன்னிட்டு, 99.9968 சதவிகித மரணத்தை உறுதிப்படுத்தும் சிகிச்சையே ஏற்கத்தக்கது என்னும் அளவை வகுத்தார். அதாவது பத்து லட்சம் பூச்சிகளில் 32 மட்டுமே பிழைக்கலாம். கேட்பதற்கு இது பரிபூரண பாதுகாப்பாகத் தோன்றினும், பின்வந்தோர் எடுத்துக்காட்டியதுபோல், பிழைப்பவற்றின் தொகை தொடக்கத்தில் எத்தனை இருந்தன என்பதைப் பொறுத்தது. பூச்சி மலிந்த சரக்கில் இந்த அளவுகோலும் அபாயத்தை விட்டுவைக்கும். பூச்சி அருகிய சரக்கில் இதைவிட மென்மையான சிகிச்சையே போதும். எனவே சிகிச்சையின் வெற்றி, அது தொடங்குமுன்னரே, கிழங்கு விளைந்த வயலின் தூய்மையால் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

இவ்வுண்மையை வாணிப உலகம் ஏற்றதற்குச் சரித்திரச் சான்று உண்டு. அமெரிக்கா 1919-இல் வகுத்த 37-ஆம் எண் தடைக்காப்பு விதி, செடி இறக்குமதியைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. ஈயையும் நூற்புழுவையும் முன்னிட்டு 1926 முதல் நார்சிசஸ் கிழங்கும் கட்டுக்குள் வந்தது. ஹாலந்தின் விளைவிப்போருக்கு இது பேரிடியாயினும், விரோதத்தில் முடியவில்லை. அந்நாட்டில் 1923-இல் தோன்றிய மலர்க்கிழங்குப் பரிசோதனை ஸ்தாபனம் வயலிலும் கிடங்கிலும் நேரில் சோதிக்கும் முறையை வளர்த்தது. 1951 முதல் அமெரிக்கப் பரிசோதகரே ஹாலந்து சென்று கப்பலேறுமுன் கிழங்குகளைப் பார்த்து அனுமதிக்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. எல்லைக்காவல் எல்லையை விட்டு உற்பத்தி ஸ்தானத்துக்கே இடம்பெயர்ந்தது.

தொழிற்பேட்டையில் மரப்பெட்டி

இனி ஸ்ரீபெரும்பூதூருக்கும் ஒரகடத்துக்கும் வருவோம். அங்குள்ள ஆலைகளுக்கு ஜப்பான், கொரியா, சீனா, ஜெர்மனி முதலிய தேசங்களிலிருந்து வரும் இயந்திரங்களும் உறுப்புகளும் மரத்தாலான பாலெட்டுகளின் மேலும், மரச்சட்டப் பெட்டிகளிலும் வருகின்றன. இங்கிருந்து புறப்படுபவையும் பெரும்பாலும் அவ்வாறே செல்கின்றன. மதிப்புள்ள பொருள் உள்ளேயிருக்க, பெட்டிக்கு மலிவான மரமே போதும் என்பது வாணிப நியதி. மலிவான மரமென்றால் பட்டை நீங்காத, துளைப்புழு குடியிருக்கக்கூடிய மரம். அதன் விளைவை நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி 1996-இல் கண்டது. சீனாவிலிருந்து வந்த மரப்பெட்டிகளோடு சேர்ந்து வந்த நீள்கொம்பு வண்டு தெருவோர மேப்பிள் மரங்களைக் குடைந்திருந்தது; 1998-இல் சிகாகோவிலும் அதுவே தோன்ற, ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிச் சாய்க்க நேர்ந்தது. 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களுக்கு எமனாயிற்று. மோட்டார் வாகனத் தொழிலின் தலைநகரென்று உலகறிந்த டெட்ராய்ட்டின் பெயர் இவ்வரலாற்றில் இடம்பெற்றிருப்பதை நம் மோட்டார் தொழிற்பேட்டையார் ஊன்றி நோக்க வேண்டும்.

இவ்வபாயத்துக்குச் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தார் 2002-இல் வகுத்த பரிகாரமே ஐ.எஸ்.பி.எம். 15 என்னும் விதி. மரத்தின் நடுப்பகுதி உட்பட முழுவதும் 56 பாகை உஷ்ணத்தில் இடைவிடாமல் 30 நிமிடம் இருக்க வேண்டும். அல்லது, 21 பாகைக்குக் குறையாத சூழலில் கன மீட்டருக்கு 48 கிராம் வீதம் மெத்தில் புரோமைடை 24 மணி நேரம் செலுத்த வேண்டும். பட்டையை உரித்தாக வேண்டும். சிகிச்சை முடிந்த மரத்தில் கோதுமைக் கதிர்ச் சின்னமும், தேசத்தின் குறியும், சிகிச்சை செய்தவரின் எண்ணும், முறையின் குறியும் பொறிக்கப்பட வேண்டும். பழைய பாலெட்டைப் பழுதுபார்க்கையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் புதுமரம் சேர்ந்தால், பழைய முத்திரைகளையெல்லாம் அழித்து மீண்டும் சிகிச்சை செய்தாக வேண்டும். இந்தியாவில் இச்சிகிச்சையைச் செய்வோர் மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு இயக்குநரகத்திடம் அங்கீகாரம் பெற வேண்டும்.

கிழங்குக்கும் பலகைக்கும் உள்ள வேற்றுமை இங்கே தெளிவாகிறது. 43 பாகையில் கிழங்கு உயிருக்குப் போராடுகிறது. 56 பாகையில் பலகைக்கு யாதொரு குறையுமில்லை. தாங்குசக்தியின் இடைவெளி பலகையில் அத்தனை அகலம். ஆனால் அவ்விடைவெளி பெட்டி வெறுமையாக இருக்கும் வரைதான். பொருளை உள்ளே வைத்து ஆணியடித்த பின் சிகிச்சை செய்ய நேர்ந்தால், தாங்க வேண்டியது பலகை மட்டுமன்று. உள்ளிருக்கும் பண்டமும் தாங்க வேண்டும். பாஸ்பீன் வாயு செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். மின்னணுத் தகடுகள் நிறைந்த பெட்டிக்குள் அதைச் செலுத்துவது சரக்கையே பலியிடுவதாகும். மெத்தில் புரோமைடு, கந்தகம் கலந்த ரப்பர், பஞ்சுமெத்தை, தோல் முதலியவற்றோடு வினைபுரிந்து நீங்காத துர்நாற்றத்தை உண்டாக்க வல்லது. கார் இருக்கையும் ரப்பர்ப் பட்டையும் உள்ள பெட்டிக்கு அதுவும் ஆகாது. முத்திரையில்லாப் பெட்டியொன்று துறைமுகத்தில் பிடிபடும்போது அதிகாரிக்கும் ஆலைக்கும் ஒருங்கே நேரும் தர்மசங்கடம் இதனால் விளைவது. ஆகவே மரத்துக்கும் சிகிச்சை நடைபெற வேண்டிய இடம், பெட்டி செய்யும் பட்டறையின் வெப்ப அறையே.

முத்திரை இருந்தால் பூச்சி இராது என்று கொள்வதற்குமில்லை. அமெரிக்கத் துறைமுகங்களின் சோதனைகளைக் கொண்டு 2014-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, இவ்விதி அமலான பின் மரப்பொதிகளில் பூச்சியின் விகிதம் 36 முதல் 52 சதவிகிதம் வரை குறைந்ததாகக் கணித்தது. பயன் மெய்யே, பரிபூரணமன்று. குறைபட்ட சிகிச்சை, போலி முத்திரை, சிகிச்சைக்குப் பின் மீண்டும் பூச்சி ஏறுதல் ஆகிய மூன்றும் எஞ்சிய பங்குக்குக் காரணமாகலாம்.

பூச்சிக்குப் பெட்டிகூட வேண்டுவதில்லை. 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து கார்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் நாற்றப்பூச்சிகள் காணப்பட்டமையால் நியூஸிலாந்து அக்கப்பல்களைத் திருப்பியனுப்பியது. 2020-இல் ஆஸ்திரேலியாவில், குளிர்சாதனப் பெட்டிகளின் அட்டைப் பொதிகளில் கப்ரா வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. காரும் குளிர்சாதனப் பெட்டியும் செய்யும் நம் வட்டாரத்துக்கு இவ்விரண்டும் நேரடியான எச்சரிக்கை. கப்ரா வண்டோ நம் நாட்டுக் கிடங்குகளில் நெடுங்காலமாக வாழும் பூச்சி. கன்டெய்னரின் தரைப்பலகை இடுக்கில் உணவின்றியே நெடுநாள் உறங்கும் அதன் புழுவைக் கண்டு உலகம் அஞ்சுகிறது. பூச்சி விஷயத்தில் நாம் வாங்கும் தேசம் மட்டுமல்லோம், அனுப்பும் தேசமும் ஆவோம்.

சட்டமும் நடைமுறையும்

1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்று நடைமுறையிலுள்ளது 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடைக்காப்பு ஆணை. 2004 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. அதன்படி மலர்க்கிழங்கு வருவதற்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற வேண்டும், புறப்படும் தேசத்தின் அதிகாரி தாவர நலச் சான்று தர வேண்டும், இன்னின்ன பூச்சிகளும் நோய்களும் இல்லையென்று அதில் தனியே பிரகடனம் செய்ய வேண்டும், மண் ஒட்டியிருத்தலாகாது, நடவுப்பொருள் குறிப்பிட்ட வாயில்களின் வழியாகவே நுழைய வேண்டும், சென்னை அவற்றுள் ஒன்று. வந்தபின் மாதிரி எடுத்துச் சோதிப்பர்; தேவையாயின் சிகிச்சை, முடியாவிடின் திருப்பியனுப்புதல் அல்லது அழித்தல். பல பயிர்களுக்கு இவற்றுக்கும் மேலாக, அங்கீகரிக்கப்பட்ட தனித்த இடத்தில் வளர்த்துக் கண்காணிக்கும் ஏற்பாடும் உண்டு. கண்ணுக்குத் தப்பிய முட்டை புழுவாகவும், மறைந்திருந்த வைரஸ் இலையின் புள்ளியாகவும் வெளிப்படக் காலம் கொடுப்பதே அதன் தாத்பரியம்.

மெத்தில் புரோமைடைப் பற்றிய முரண்பாடு இங்கே குறுக்கிடுகிறது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்த 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையில் 1992-இல் இவ்வாயுவும் சேர்க்கப்பட்டது. வளர்ந்த தேசங்கள் 2005-க்குள்ளும், வளரும் தேசங்கள் 2015-க்குள்ளும் இதைக் கைவிட வேண்டுமென்றும், தடைக்காப்புக்கும் கப்பலேற்றத்துக்கு முந்தைய சிகிச்சைக்கும் மட்டும் விலக்கு உண்டென்றும் தீர்மானமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியமோ அவ்விலக்கையும் வேண்டாமென்று தள்ளி, 2010 முதல் இதன் பிரயோகத்தை அறவே நிறுத்திவிட்டது. இதனால், இறக்குமதி செய்யும் தேசம் இவ்வாயுவையே சிகிச்சையாகக் கேட்டால், உலகுக்கே கிழங்கு அனுப்பும் நெதர்லாந்து தன் மண்ணில் அதைச் செய்து தர இயலாது. சிகிச்சையின் பெயரை விதியாக எழுதாமல், பூச்சியின்மை என்னும் பயனை விதியாக எழுதி, அதை வெந்நீராலோ வயற்சோதனையாலோ குளிரறையாலோ எவ்வாறேனும் நிறைவேற்றலாம் என்று அனுமதிப்பதே இம்முரண்பாட்டுக்கு அறிவுக்கிசைந்த பரிகாரம்.

நடைமுறையில் மற்றொரு மாறுதலும் சட்டத்தை முந்திவிட்டது. முன்பு பொதி துறைமுகத்தில் பிரிக்கப்பட்டது. அங்கேயே அதிகாரியின் கண்ணில் பட்டது. இன்று கன்டெய்னர் பூட்டு உடையாமல் துறைமுகத்தைக் கடந்து, ஆலையின் வாயிலில்தான் திறக்கப்படுகிறது. துளையிலிருந்து உதிரும் மரத்தூளை முதலில் பார்ப்பவர் தடைக்காப்பு அதிகாரி அல்லர். ஆலையின் கிடங்கில் சரக்கிறக்கும் தொழிலாளி. பண்டத்தை எடுத்தபின் எஞ்சும் பாலெட்டு, பழைய மரவியாபாரியிடம் சென்று, விறகாகவும் பெஞ்சாகவும் பலகையாகவும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கலந்துவிடும் இயல்புடையது. எல்லை என்பது கடற்கரையில் கீறிய கோடாக இருந்த காலம் போய், தொழிற்பேட்டையின் கிடங்குவாசல் வரை உள்நோக்கி நகர்ந்துவிட்டது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவது யாதெனில், பூச்சித் தடைக்காப்பில் சிகிச்சை இன்றியமையாதது, ஆனால் தனித்து நின்று காக்க வல்லதன்று. கிழங்கில் அதன் இடைவெளி மிகக் குறுகியது. அது விளையும் வயலின் தூய்மையும், வந்தபின் தனித்த இடத்தில் வளர்த்துக் கண்காணிப்பதும் அதற்கு இருபுறமும் துணை நின்றால்தான் பயன் தரும். மரத்தில் இடைவெளி அகலமானது. ஆயினும் பெட்டியடிக்குமுன் செய்தால்தான் அவ்வகலம் நமக்குரியது. இரண்டிலும் வாசலில் வைத்துச் செய்யும் சிகிச்சையே மிகக் கடினமானதும், மிகுந்த நஷ்டம் தருவதும் ஆகும் என்பது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததாகத் தோன்றிய இவ்விரு பண்டங்களும் ஒருமித்துக் கூறும் சாட்சியம்.

இதிலிருந்து செய்யத் தக்கவை சில உண்டு. அவை பெருஞ்செலவை வேண்டுவனவுமல்ல. வெளிநாட்டு விற்பனையாளரோடு எழுதும் ஒப்பந்தத்திலேயே, சிகிச்சை முடிந்து முத்திரை பெற்ற மரத்தை, அல்லது விதியிலிருந்து விலக்குப் பெற்ற ஒட்டுப்பலகையை, ஆலைகள் நிபந்தனையாக்கலாம். கிடங்கில் கன்டெய்னரைத் திறக்கும் தொழிலாளருக்கு முத்திரையையும் துளையையும் மரத்தூளையும் அடையாளம் காணக் கற்பித்து, கண்டால் உடனே கதவை மூடி மீனம்பாக்கத்துக்குத் தெரிவிக்கும் வழக்கத்தை உண்டாக்கலாம். முத்திரையில்லாத பழைய பாலெட்டு கிராமத்துக்குள் போகுமுன் ஆலை எல்லைக்குள்ளேயே அழிக்கப்பட வேண்டும். கிழங்கைப் பொறுத்தவரை, பசுமைக்குடில் உடைமையாளர் தனித்துவைக்கும் காலத்தை அதிகாரியின் தொந்தரவாகக் கருதாமல் தம் முதலுக்கான காப்பாகக் கருத வேண்டும். ஒரு கூடை கிழங்கோடு வரும் பூச்சிக்கு முதலில் இரையாவது அவருடைய பயிரே. பூச்சி குடியேறிய பின் பெனினுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் ஆளனுப்பிக் குளவி தேடுவதற்கு ஆகும் செலவும் காலமும் எவ்வளவென்று நாம் இரண்டு முறை கண்டாகிவிட்டது. அச்செலவில் சிறு பங்கைக் கிடங்குவாசலில் முன்கூட்டியே செலவிடுவது அரசுக்கும் ஆலைக்கும் தோட்டக்காரருக்கும் ஒருங்கே நன்மை பயப்பதாகும்.